அர்ச்சுனனுக்கு ஒரு கேக்

சிம்பாங் பூலாய் பொது மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முத்தம்மா தீர்மானித்துவிட்டாள், உள்ளே யார் சிரித்தாலும் பதிலுக்குச் சிரிப்பதில்லை என்று. அறுபத்தேழு வயதில் கேக் செய்யப் படிக்க வந்து நிற்கிறாள். சொல்லிக்கொடுக்கப் போகிறவள் யார் என்றால், செத்துப்போன புருஷனின் இரண்டாவது வீட்டுக்காரி. இந்த லட்சணத்தில் சிரிப்பு ஒன்றுதான் குறைச்சல்.

ஈப்போ புந்தோங்கிலிருந்து காரில் கொண்டுவந்து விட்ட மகள் ஷாமினிக்கு விஷயம் பாதிதான் தெரியும். அப்பாவுக்கு வேறொரு வீடு இருந்தது தெரியும். அந்த வீட்டுக்காரியின் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. அப்பா போனதிலிருந்து அம்மா அடுப்படியையும் டிவியையும் சாமி படத்தையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாளே என்று அவளுக்குக் கவலை. அம்மாவே வாய் திறந்து கேக் வகுப்புக்குப் போகிறேன் என்றதும் சந்தோஷம் தாங்கவில்லை.

“நாலு பேரோட பேசிப் பழகும்மா. மனசுக்கு நல்லாருக்கும்லா.”

“என் மனசு நல்லாத்தான் இருக்கு. நீ ஒம்பாட்டுக்குப் போ. முடிஞ்சதும் போன் அடிக்கிறேன்,” என்றாள் முத்தம்மா.

உள்ளே பத்துப் பெண்கள் இருந்தார்கள். மேசைக்கு இரண்டு பேர், மேசைக்கு ஒரு சின்ன ஓவன். முன்னால் மாவு சலித்துக்கொண்டிருந்த விமலா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டியவள், பூசினாற்போல உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. சல்லடை அவள் கையில் அப்படியே நின்றது. முத்தம்மாவின் முகம் அவளுக்கு எப்படி மறக்கும்? பத்து மாதத்துக்கு முன்னால் புந்தோங் வீட்டுப் பந்தலுக்கு வெளியே மாலையும் கையுமாக நின்றவள் விமலா. “அவ உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்” என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பியவள் முத்தம்மா. விமலா அந்த மாலையை வாசல் இரும்புக் கதவில் மாட்டிவிட்டுப் போனாள். கடைசி முகம் பார்க்கவில்லை.

இப்போது வாசற்படியில் நிற்பது முத்தம்மாவின் முறை. போ என்று சொல்லட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நின்றாள்.

“உள்ள வாங்க,” என்றாள் விமலா. “வாசல் வரைக்கும் வந்தவங்களத் திருப்பி அனுப்புற பழக்கம் எனக்கு இல்ல. முதல் மேசை காலியா இருக்கு.”

மற்றவர்கள் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு பல்லைக் காட்டினார்கள். முத்தம்மாவுக்குக் காது வரை எரிந்தது. ஆனாலும் முதல் மேசையில் போய் நின்றாள். நிற்காமல் திரும்பிப் போக அவளால் முடியாது.

ஏன் முடியாது என்பதைச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

அர்ச்சுனன் லோரி ஓட்டினார். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வந்து ஈப்போ பசாரில் இறக்கும் வேலை. மலைப் பாதை சிம்பாங் பூலாயில் வந்து இறங்குகிறது. அவரும் அங்கேயே இறங்கிப் பழகிவிட்டார். ஒரு வாரம் லோரி ரிப்பேர் என்பார், அடுத்த வாரம் மழை என்பார், அதற்கடுத்த வாரம் மண் சரிவு. அவர் சொன்ன அளவுக்கு மண் சரிந்திருந்தால் இன்றைக்கு அங்கே மலை இருந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கும். முத்தம்மா ஒன்றும் ஏமாளி இல்லை. காம்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, மீசை முளைத்த கங்காணிகளை எதிர்த்துப் பேசிக்கொண்டு பால் வெட்டியவள். தோட்டத்தை விற்றுச் செம்பனை போட்டபோது மூட்டை முடிச்சோடு புந்தோங்குக்கு வந்து, கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்து மகளைப் படிக்க வைத்தவள். புருஷன் சட்டையில் ஏறியிருந்த வெண்ணெய் வாடை அவள் மூக்குக்குத் தப்புமா? தப்பவில்லை. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அங்கேயே தங்கிவிடுவாரோ என்று பயம். ஊரையே வாயால் வெளுத்து வாங்குகிறவளுக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் வாய் திறக்காது.

பிறகு அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்தது. டாக்டர் சொன்ன அன்று முத்தம்மா அழுதாள். அழுதுகொண்டே மனதின் ஒரு மூலையில் சந்தோஷமும் பட்டாள், அதையும் மறைப்பானேன். நோயாளி என்றால் வீட்டுக்காரியின் ஆள். மருந்தும் சாப்பாடும் யார் கையில் இருக்கிறதோ அவளுடைய ஆள். அன்றைக்கே சீனி டின்னைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். அதோடு அந்த வீட்டில் பாயாசம் இல்லை, கேசரி இல்லை, தீபாவளிக்கு அதிரசம் இல்லை. சப்பாத்தி, ஓட்ஸ் கஞ்சி, அவித்த பாகற்காய். கோப்பி என்றால் கோசோங், சீனியும் பாலும் கிட்ட வராது.

இதில் பெரிய கொடுமை, அவளும் அதையே குடித்தாள். சின்ன வயதில் டின் பாலைக் கரண்டியால் வழித்துத் தின்று அம்மாவிடம் அடி வாங்கியவள் அவள். இனிப்பு என்றால் உயிர். கட்டியவர் கசக்கக் கசக்கக் குடிக்கும்போது எதிரே உட்கார்ந்து இனிக்க இனிக்கக் குடிக்க மனம் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் நாக்கில் இனிப்புப் படாமல் இருந்தாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை. இருந்தாள்.

அத்தனை செய்தும் சீனி அளவு இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் அவளைத்தான் பிடித்து உலுக்குவார். “அம்மா, வீட்டுல என்னதான் குடுக்குறீங்க? நீங்க கவனமா இல்லைனா இவரு காலு போயிரும்.” குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். பக்கத்து நாற்காலியில் அர்ச்சுனன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து இருந்த சப்பாத்தியிலும் ஒன்றைக் குறைப்பாள். கடைசியில் கால் விரலில் புண் வந்தது. ஆறவில்லை. காலை எடுத்தார்கள். அப்புறம் சிறுநீரகம் போயிற்று, ஆளும் போனார். தன் கவனம்தான் போதவில்லையோ என்று முத்தம்மா நெஞ்சுக்குள் குமைந்தாள்.

கருமாதி அன்று படையல் போட்டார்கள். செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டு வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே உட்கார்ந்திருப்பது அவர்கள் வழக்கம். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். ஆட்டுக்கறி, நெத்திலிச் சம்பல், கருவாடு, ஸ்டவுட்டு பீர் போத்தல், சிகரெட்டு, ஒன்றும் குறையில்லை. அர்ச்சுனனின் தம்பி இராமசாமி, லோரியில் அண்ணன் கூடவே போய் வந்தவர், வெளியே உட்கார்ந்து தன் பங்கு ஸ்டவுட்டை முன்கூட்டியே முடித்துவிட்டார். நாக்கு அவிழ்ந்துகொண்டது.

“அண்ணே இங்கிட்டு எங்க வருவாரு? கூலா மலாக்கா கேக்கு அங்கதான இருக்கு. வாரா வாரம் பாதி கேக்கைத் தனியா முடிச்சிருவாரு மனுசன்.”

பனைவெல்லக் கேக். இனிப்பு நீர்க்காரருக்கு. முத்தம்மா மச்சினனை அடுப்படிக்கு இழுத்துப்போய்ப் பிழிந்து எடுத்துவிட்டாள். பெயர் விமலா, வீடு சிம்பாங் பூலாய், வேலை சனிக்கிழமைகளில் பெண்களுக்குக் கேக் சொல்லிக்கொடுப்பது.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. அந்தப் பாதகத்திதான் ஊட்டி ஊட்டி ஆளைக் கொன்றாள் என்பது ஒரு ஆத்திரம். அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. வருஷப் படையல் வரும். அந்தக் கேக் அந்த வீட்டில் இருக்கும். இவர் எங்கே போவார்? உயிரோடு இருந்தபோது பாதி ஆளை விட்டுக்கொடுத்தாயிற்று, செத்த பிறகு முழு ஆளையும் கொடுப்பதா? கடையில் வாங்கி வைக்கலாமே என்பீர்கள். படையல் பண்டம் வீட்டுக்காரி கையால், வீட்டு அடுப்பில் ஆக வேண்டும். வைப்பதற்கு முன்னால் யார் வாயிலும் படக்கூடாது. அதில் முத்தம்மா ஒரு இம்மி நகரமாட்டாள். ஆகவே அவள்தான் படித்தாக வேண்டும். அவர் ருசித்த அந்தக் கேக் தெரிந்தவளோ உலகத்தில் ஒருத்திதான். போதுமா?

முதல் நாள் சாதாரண பட்டர் கேக். முத்தம்மாவோடு ஒரே மேசையில் சாரதாதேவி என்று ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். எதைப் பார்த்தாலும் திருத்துவது அவருக்கு இன்னும் விடவில்லை. முத்தம்மா வளையலை மேலே ஏற்றிவிட்டு மாவுக்குள் கையை விட்டதும் அவர் பதறிப்போனார்.

“ஐயோ, கையை எடுங்கோ! உது என்ன, முறுக்கு மாவோ?”

“கைய விடாம மாவு பதம் எப்படித் தெரியும் டீச்சர்? நீங்க பாடம் நடத்துனது போதும்.”

“முதல் மேசை, கரண்டி வெச்சிருக்கேன், கண்ணுக்குத் தெரியலையா?” என்று முன்னாலிருந்து விமலாவின் குரல் வந்தது.

அப்போதுதான் முத்தம்மா கவனித்தாள். விமலா வாய்க்கு வாய் எல்லாரையும் அக்கா என்றாள். பெரிய டீச்சரும் அக்கா, பின்னால் நிற்கும் சின்னப் பெண்கூட ஒரு தடவை அக்கா. முத்தம்மா மட்டும் முதல் மேசை. கூப்பிடட்டும், இவள் வாயால் அக்கா என்று கேட்கத்தான் தவம் கிடக்கிறோமாக்கும் என்று முத்தம்மா கரண்டியை மாவில் குத்தினாள்.

கேக் ஓவனுக்குள் போயிற்று. இட்லிப் பானை மூடியைத் திறந்து வெந்ததா என்று பார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? திறந்தாள், விரலால் தொட்டாள், சாத்தினாள். மறுபடி திறந்தாள். சாரதாதேவி தலையில் அடித்துக்கொண்டார். வெளியே எடுத்தபோது கேக் நடுவில் குழி விழுந்து கிடந்தது. விமலா அதை இரண்டு கையாலும் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள்.

“இதப் பாத்துக்குங்க. கதவத் திறந்து திறந்து எட்டிப் பாத்தா இப்படித்தான் ஆவும். பொறுமை இல்லாதவங்களுக்கு கேக்கு வராது.”

“கதவச் சாத்திக்கிட்டு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம இருக்க எனக்குப் பழக்கமில்ல,” என்றாள் முத்தம்மா.

பச்சைப் பொய். இருபது வருஷம் அப்படித்தான் இருந்தாள். அது விமலாவுக்கும் தெரியும். உதட்டைச் சுழித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

கடைசியில் எல்லாருடைய கேக்கையும் வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு ருசி பார்த்தார்கள். முத்தம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ருசி பாக்காம எப்படி? சாப்புடுங்க,” என்றாள் விமலா.

“நான் இனிப்புத் தொடுறதில்ல.”

“அப்ப கேக்கு கத்துக்க எதுக்கு வந்தீங்க?”

“எங்க வீட்டுல ஒருத்தருக்கு வெக்கணும்.”

விமலாவின் முகம் மாறியது. கத்தியைத் துடைக்கிற சாக்கில் முதல் மேசைக்கு நெருங்கி வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னாள்: “அந்த ஒருத்தருக்கு எங்க வீட்டு வழி நல்லாத் தெரியும். யாரும் காட்ட வேண்டியதில்ல.”

பேச்சு அவ்வளவுதான். இனி இரண்டு பேருக்கும் ஒளிவு மறைவு இல்லை. முத்தம்மா எதற்கு வந்திருக்கிறாள் என்று விமலாவுக்குத் தெரியும், தெரியும் என்று முத்தம்மாவுக்கும் தெரியும்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் மற்ற மேசைகளுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்வதை முதல் மேசைக்கு ஒரே தடவை சொன்னாள் விமலா, அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. கூலா மலாக்கா கேக்கை வேண்டுமென்றே கடைசி வகுப்புக்குத் தள்ளி வைத்தாள். முத்தம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. முதுகைப் பார்த்தே படித்தாள். சின்ன ஓவன் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, சமையல் அறையில் புகை மண்டும் வரை சுட்டாள். கருகியது, பிறகு வேகாமல் கொழகொழத்தது, பிறகு ஒரு வழியாக எழும்பியது. ஓவன் கதவைத் திறக்கத் துடிக்கும் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஆனதையெல்லாம் ஷாமினியும் அக்கம்பக்கமும் தின்று நன்றாக இருக்கிறது என்றார்கள். அவள் வாயில் வைக்கவில்லை. அம்மா கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டாள், முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது என்று ஷாமினி தன் சிநேகிதிகளிடம் சொல்லிப் பூரித்தாள். களையாவது ஒன்றாவது. அது வெறி.

கடைசி வகுப்பும் வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வருஷப் படையல்.

பனைவெல்லத்தைச் சீவி, வாசத்துக்குப் பாண்டான் இலையும் தேங்காய்ப் பாலும் போட்டுப் பாகு காய்ச்ச வேண்டும். பாதிப் பாகு மாவில் சேரும். மீதியை, கேக் வெந்து இறக்கிய சூட்டோடு, குச்சியால் குத்திக் குத்தி மேலே ஊற்றினால் அடிவரைக்கும் இறங்கும். விமலா இதைச் சொல்லும்போது முதுகைக் காட்டவில்லை. முத்தம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள். படித்துக்கோ, படித்தாலும் உன்னால் முடியாது என்கிற பார்வை.

முத்தம்மா ஓவன் கதவை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. கேக் குன்று மாதிரி எழும்பி வந்தது. பாகை ஊற்றியதும் சொய்யென்று சத்தம், வாசம் மண்டபம் முழுக்க ஏறியது. “வடிவாய் வந்திருக்கு,” என்று சாரதாதேவிகூடத் திருத்தாமல் விட்டுவிட்டார். விமலா கத்தியோடு வந்தாள்.

முத்தம்மா இரண்டு கையையும் கேக்குக்கு மேலே வைத்து மறைத்தாள். “வெட்டாத.”

“எல்லா கேக்கையும் நான் வெட்டித்தான் பாப்பேன்.”

“என் கேக்கு உன் வாயில படக்கூடாது. கத்தியத் தூக்கிக்கிட்டு அந்தாண்ட போ.”

விமலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வாரம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

“ருசி பாக்காம வெச்சா அவரு திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு, தெரிஞ்சிக்குங்க. அவருக்குச் சீனி தூக்கலா இருக்கணும். உங்களுக்கு எங்க தெரியும்? ஒரு நாள் ஒரு பொழுது அந்த மனுசன் கண்ணுல இனிப்பக் காட்டுனீங்களா? கருப்புக் கோப்பிய ஊத்தி ஊத்திப் பழி வாங்குனீங்க. எங்கிட்ட வந்து சொல்லிச் சொல்லி அழுவாரு.”

“பழி வாங்குனேனா?” முத்தம்மாவின் குரல் கூரை ஓட்டில் போய் இடித்தது. “இனிப்பு நீர் வந்த ஆளுக்கு எவடி சீனி குடுப்பா? நீ குடுத்தே. ஊட்டி ஊட்டியே ஆளக் கொன்னுட்டே!”

“யாருக்கு இனிப்பு நீர்?”

“யாருக்கா? எதுக்குக் கால எடுத்தாங்கன்னு நினைச்சிக்கிட்டு இருக்கே?”

“தக்காளிப் பெட்டி கால்ல விழுந்துச்சுன்னு சொன்னாரு.” விமலாவின் கை கத்தியோடு தாழ்ந்தது. “புண்ணு அழுவிப் போச்சுன்னு... நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்க வார்டு வாசல்லயே நிறுத்திட்டீங்க. என்னாச்சுன்னு விசாரிக்க வந்தேன், விடல. செத்தப்பவும் வந்தேன், விடல. எனக்கு யாரு சொல்வா?”

முத்தம்மா பதிலுக்கு வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் எத்தனையோ வசவு காத்திருந்தது. ஆனால் தக்காளிப் பெட்டி என்று அவள் சொன்ன மாத்திரத்தில் அது யாருடைய குரல் என்று தெரிந்துவிட்டது. மண் சரிவு சொன்ன அதே வாய். லோரி ரிப்பேர் சொன்ன அதே வாய். இவளிடம் பெட்டி, தன்னிடம் மண்.

விமலா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “பாவம், வீட்டுல ஒன்னும் குடுக்க மாட்டேங்குறாங்களேன்னு நான் வாரா வாரம் சீனியக் கூட்டிக் கூட்டிப் போட்டேன். சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா.”

அக்கா. முத்தம்மாவின் காதில் அது விழுந்தது. ஆனால் அவள் மனம் அங்கே இல்லை. டாக்டர் அறையில் இருந்தது. வீட்டில் என்னதான் கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கத்துகிறார். இவள் தலை குனிந்து நிற்கிறாள். பக்கத்து நாற்காலியில் அந்த மனுஷன், வயிற்றில் பாதிக் கேக்கோடு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான்தான் சாப்பிட்டேன் டாக்டர், அவளைத் திட்டாதீர்கள் என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல். அது வரவில்லை. ஒரு வருஷமாக இந்தப் பெண்ணின் மேல் எரிந்துகொண்டிருந்த ஆத்திரம் முழுக்க எழுந்து அந்த நாற்காலிக்குப் போயிற்று.

“இனி நான் வெக்க மாட்டேன்,” என்றாள் விமலா தரையைப் பார்த்துக்கொண்டு. “நாளைக்கு எங்க வீட்டுல கேக்கு கிடையாது. இலையே கிடையாது.”

வந்த காரியம் முடிந்தது. இனி அந்தக் கேக் முத்தம்மா வீட்டில் மட்டும்தான். அவருக்குப் போக வேறு இடமில்லை.

“வெக்கிறதும் வெக்காததும் உன் இஷ்டம்,” என்றாள் முத்தம்மா. “என்ன அக்கா கொக்கான்னு கூப்புடாத.” கேக்கை டின்னோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஷாமினிக்குப் போன் அடித்தாள். பிறகு அவர்கள் இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் வந்து சேர்ந்தது. வகுப்பில் செய்த கேக்கை அவள் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். காலையில் தலை முழுகி, தன் ஓவனில் புதிதாக ஒன்று சுட்டு வைத்திருந்தாள். வாசற்படியிலேயே வாசம் வந்தவர்களை வரவேற்றது. இராமசாமி மூக்கை உறிஞ்சி, “அப்பாடா, இன்னைக்கு அண்ணே நேரா இங்கதான் வருவாரு,” என்றார். படையலை இந்த வருஷம் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி, முத்தம்மா ஒருத்தரையும் அறைக்குள் விடவில்லை. அவளே இலை போட்டாள், அவளே பரிமாறினாள், அவளே வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன்னால் ஷாமினி மட்டும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டாள்.

இலையில் இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி, குவியலாக அவித்த பாகற்காய். ஸ்டவுட்டு இருக்க வேண்டிய இடத்தில் கோப்பி கோசோங். இலை ஓரத்தில் அவர் விழுங்காமல் விட்டுப்போன மாத்திரை அட்டை.

“அம்மா, என்னம்மா இது?”

“உக்காரு,” என்றாள் முத்தம்மா.

வழக்கம்போல எல்லாரும் வெளியே உட்கார்ந்தார்கள். முத்தம்மா அடுப்படிக்குப் போய்க் கேக்கைத் தட்டோடு கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தியை எடுத்துப் பெரிய துண்டாக வெட்டினாள். வாயில் போட்டாள். பத்துப் பன்னிரண்டு வருஷத்து நாக்கு முதலில் திகைத்தது, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அது அவருக்காக வந்த கண்ணீர் இல்லை. குடித்த அத்தனை கசப்புக் கோப்பிக்காகவும் சேர்த்து வந்தது. துடைத்துக்கொள்ளாமல் மென்றாள்.

இராமசாமிக்குப் பொறுக்கவில்லை. “அண்ணி, என்னா இது? படையல்ல வெக்காம நீங்க எடுத்துச் சாப்புடுறீங்க? அண்ணே இந்தக் கேக்குக்காகத்தான வருவாரு.”

முத்தம்மா விரலில் வழிந்த பாகை நக்கினாள்.

“அவருக்கு இனிப்பு நீர்,” என்றாள். “கூடவே போய் வந்த உனக்குத் தெரியாதாக்கும்?”

இராமசாமி சுவரைப் பார்த்தார். ஷாமினி அம்மாவையும் சாத்திய கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். நேரம் ஆகிக்கொண்டே போயிற்று. கதவைத் தட்ட வேண்டிய நேரமும் தாண்டிவிட்டது.

“கதவத் திறக்கட்டாம்மா?”

“என்ன அவசரம்? பாவக்காய முழுசாச் சாப்புட்டு முடிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு முத்தம்மா இன்னொரு துண்டு வெட்டினாள்.